ரோட்டரி சங்கங்களும் போலியோ ஒழிப்பும்: இலக்கும் முன்னேற்றமும்

ஹூஸ்டன் மாநகரின் தென்மேற்கே, ஹில்கிராஃப்ட் அவென்யூவை ஒட்டிய கடைத்தெருப் பகுதிக்கு 2010ஆம் ஆண்டு சனவரி மாதம் மகாத்மா காந்தி மாவட்டம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டப்பட்டது. இங்கே மளிகைக்கும் துணிமணிக்கும் வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ்நாட்டின் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நினைவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சத்துணவுக் கூடத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒரு மேசை போடப்படும். குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு மருந்து விடப்படும். இடக்கைச் சுண்டு விரலில் மை வைக்கப்படும். பின்னால் கட்டிய பதாகையில் பற்சக்கர வடிவில் ஒரு முத்திரை இருக்கும். அது ரோட்டரி சங்கத்தின் முத்திரை.

அந்த முத்திரையைக் கண்டவர் பலர். அதன் பின்னுள்ள அமைப்பு எத்தகையது, அது தனக்கென வைத்துக்கொண்ட இலக்கு என்ன, அந்த இலக்கு இன்று எந்த நிலையில் உள்ளது என்பவற்றை அறிந்தவர் சிலரே. இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது. டெக்சஸ் மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளின் தடுப்பூசி ஆவணத்தில் கவனிக்க வேண்டியதும், தன்னார்வப் பணியில் இறங்க விரும்புவோர் அறிய வேண்டிய சட்டச் செய்திகளும் பின்பகுதியில் தரப்பட்டுள்ளன.

சங்கம் தோன்றிய விதம்

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவரைச் சந்தித்தார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். பெருநகரில் தனித்து வாழும் தொழில்முறையாளர்கள் ஒருவரையொருவர் அறிந்து நட்புக்கொள்வதே அக்கூட்டத்தின் முதல் நோக்கம். கூட்டம் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் நடைபெற்றதால் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. தமிழில் சுழற்சங்கம் என்று வழங்கும் பெயரும் இதே பொருளைத் தருவது.

நட்பு வட்டமாகத் தொடங்கியது விரைவிலேயே பொதுப்பணியை நாடியது. சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறைகள் அமையப் பிற அமைப்புகளுடன் சேர்ந்து பாடுபட்டதே சங்கத்தின் முதற் பொதுப்பணியாகக் கூறப்படுகிறது. ஹூஸ்டன் நகரில் 1912ஆம் ஆண்டிலும், சென்னையில் 1929ஆம் ஆண்டிலும் சங்கங்கள் அமைந்தன. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஏறத்தாழ 12 இலட்சம் உறுப்பினர்கள் உள்ளனர்.

ஒவ்வொரு சங்கமும் தன்னாட்சி உடையது. தலைவர் பதவி ஓராண்டுக்கு உரியது. சூலை முதல் நாள் புதிய தலைவர் பொறுப்பேற்பார். ஒரு வட்டாரத்தின் சங்கங்கள் பல சேர்ந்து ரோட்டரி மாவட்டம் எனப்படும். இது அரசின் நிருவாக மாவட்டம் அன்று. இளைஞர்களுக்கு இரு கிளை அமைப்புகள் உள்ளன. 12 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இன்டராக்ட். 18 வயது நிறைந்தோர்க்கு ரோட்டராக்ட்.

சங்கங்களின் பெரும்பணிகளுக்கு நிதி தருவது ரோட்டரி அறக்கட்டளை. 1917ஆம் ஆண்டு ஆர்ச் கிளம்ஃப் என்னும் தலைவர் இத்தகைய நிதியம் ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். நோய்த் தடுப்பு, தூய குடிநீர், தாய்சேய் நலம், கல்வி, வட்டாரப் பொருளாதாரம், அமைதி ஆகிய துறைகளில் இந்த அறக்கட்டளை உதவுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் சுற்றுச்சூழல் ஏழாவது துறையாகச் சேர்ந்துள்ளது.

பெண்களுக்குக் கதவு திறந்த வழக்கு

இந்த அமைப்பு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்டிருந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் டுவார்டே நகரச் சங்கம் 1977ஆம் ஆண்டு பெண்கள் மூவரை உறுப்பினராக ஏற்றது. அதற்காக மறு ஆண்டில் தலைமை அமைப்பு அச்சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. டுவார்டே சங்கம் நீதிமன்றம் சென்றது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வளர்ந்தது. தம் விருப்பப்படி உறுப்பினரைத் தேர்ந்துகொள்வது அரசமைப்புச் சட்டம் காக்கும் கூடும் உரிமை என்று தலைமை அமைப்பு வாதிட்டது. பல தொழிலினரையும் சேர்த்துக்கொண்டு, விருந்தினருக்கும் இடமளித்து, பொதுப்பணி செய்யும் சங்கத்தை நெருங்கிய தனிவாழ்வு உறவாகக் கருத இயலாது என்று நீதிமன்றம் கூறியது. பெண்களைச் சேர்ப்பதால் சங்கத்தின் பணிகளுக்கு ஊறு நேராது என்றும் கண்டது. 1987ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் டுவார்டே சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1989இல் உலகம் முழுவதும் உள்ள சங்கங்களில் பெண்கள் சேரலாம் என்று விதி திருத்தப்பட்டது.

ரோட்டரியின் உலக மாநாடு 2022ஆம் ஆண்டு சூன் மாதம் ஹூஸ்டன் நகரில் நடைபெற்றபோது உலகத் தலைவராக இருந்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த சேகர் மேத்தா. அவருக்குப் பின் சூலை முதல் நாள் பொறுப்பேற்ற கனடா நாட்டின் ஜெனிபர் ஜோன்ஸ், அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி.

போலியோ என்னும் இலக்கு

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும். கிருமி வாய்வழி உட்சென்று குடலில் பெருகி மலத்தின் வழியே பரவுகிறது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றாது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மீளாத முடக்குவாதம் நேரும். வந்த பின் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் காக்கும் மருந்து உண்டு.

டெக்சஸ் மாநிலமும் இந்நோயின் கொடுமையை அறிந்ததே. 1952ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் 57,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. ஹூஸ்டனில் போலியோ நோயாளிகளின் மூச்சுத் திணறலுக்குச் சிகிச்சை அளிக்க 1950இல் தொடங்கிய மையமே, பின்னர் டெக்சஸ் மருத்துவ மையத்தில் புகழ்பெற்ற மறுவாழ்வு மருத்துவமனையாக வளர்ந்தது. 1952இல் ஆறு வயதில் நோயுற்ற டாலஸ் நகரத்துப் பால் அலெக்சாண்டர், மூச்சுக்கு உதவும் இரும்புக் கூட்டுக்குள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்நிலையிலும் சட்டம் பயின்று வழக்கறிஞராகப் பணியாற்றினார். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமானார்.

1955இல் தடுப்பூசி வந்த பிறகு செல்வ நாடுகளில் நோய் குறைந்தது; ஏழை நாடுகளில் தொடர்ந்தது. 1979ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கும் திட்டத்தை ரோட்டரி ஏற்றது. அத்திட்டம் தந்த நம்பிக்கையால், உலகின் குழந்தைகள் அனைவரையும் போலியோவிலிருந்து காப்பது என்ற இலக்கை 1985இல் அறிவித்தது. இதற்கு 12 கோடி டாலர் திரட்ட எண்ணினர். 1988ஆம் ஆண்டுக்குள் 24 கோடியே 70 இலட்சம் டாலர் சேர்ந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றுடன் இணைந்து உலகப் போலியோ ஒழிப்பு முயற்சி தொடங்கியது. பின்னாளில் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்தது.

அப்போது 125 நாடுகளில் ஆண்டுதோறும் 3,50,000 பேர் முடக்குவாதத்துக்கு ஆளாயினர்.

வேலூரிலிருந்து ஹவுரா வரை

இந்தியப் போராட்டத்தில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான், ஒரு நகரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் கிருமிப் பரவல் தடைபடும் என்று கருதினார். 1980களின் தொடக்கத்தில் வேலூர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு அந்நகரில் அதைச் செய்து காட்டினார். இந்தியா 1995இல் நாடு தழுவிய அளவில் மேற்கொண்ட பல்ஸ் போலியோ திட்டம் இந்த எண்ணத்தின் விரிவே. ஒரே முகாம் நாளில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து சென்று சேரும் நிலை உருவானது.

மருந்தை ஊர்தோறும் கொண்டு சேர்ப்பதற்கு அரசு ஊழியர், மருத்துவர், அங்கன்வாடிப் பணியாளர் உழைத்தனர். ரோட்டரி உறுப்பினர்கள் நிதி திரட்டினர், குளிர்பதனப் பெட்டிகளுக்கும் பதாகைகளுக்கும் ஏற்பாடு செய்தனர், மேசையருகே நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினர். உத்தரப் பிரதேசத்தில் மருந்தைப் பற்றிய வதந்திகளால் பெற்றோர் பலர் கதவடைத்தபோது, சமயத் தலைவர்களான உலமாக்களைக் கொண்ட குழுவை ரோட்டரி அமைத்தது. தம் ஊர்ப் பெரியவர் சொன்ன பிறகே பல தாய்மார் குழந்தையை வெளியே கொண்டுவந்தனர்.

2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 பேருக்கு நோய் கண்டது. அது உலகக் கணக்கில் பாதிக்குச் சற்றே குறைவு. 2010இல் 42 ஆகக் குறைந்தது. 2011ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு நோய் தொடங்கியது. இயற்கைப் போலியோ கிருமியால் இந்தியாவில் நோயுற்ற கடைசிக் குழந்தை அவள். 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று சான்று பெற்றது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆப்பிரிக்க வட்டாரமும் அச்சான்றைப் பெற்றது.

எஞ்சிய தொலைவு

மூவகை இயற்கைக் கிருமிகளில் இரண்டாம் வகை ஒழிந்ததாக 2015இலும், மூன்றாம் வகை ஒழிந்ததாக 2019இலும் அறிவிக்கப்பட்டன. முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் வேரூன்றி உள்ளது. 2021ஆம் ஆண்டு உலகம் முழுவதும் 6 பேர் மட்டுமே நோயுற்றனர். 2023இல் அது 12 ஆனது. 2024இல் 99 ஆக உயர்ந்தது. வீடுவீடாகச் செல்லத் தடை, மக்கள் இடப்பெயர்வு, மருந்து கொடுப்போர் மீதும் அவர்களைக் காக்கும் காவலர் மீதும் நடக்கும் தாக்குதல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

1988ஆம் ஆண்டோடு ஒப்பிட நோய் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருப்பது உண்மை. எனினும் ஒழிப்பு என்பது பூச்சியம் என்ற எண்ணையே குறிக்கும். ஒரே ஒரு நாட்டில் கிருமி எஞ்சினாலும், விமானம் செல்லும் எந்த ஊருக்கும் அது போகலாம். ரோட்டரி இதுவரை 250 கோடி டாலருக்கும் மேல் இப்பணிக்கு அளித்துள்ளது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் திரட்டுவது அதன் இலக்கு. அதில் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் சேர்த்துத் தர கேட்ஸ் அறக்கட்டளை உடன்பட்டுள்ளது.

அமெரிக்காவுக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. 2022ஆம் ஆண்டு சூலை மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் கவுன்டியில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத இளைஞர் ஒருவர் முடக்குவாதத்துக்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கழிவுநீரிலும் கிருமி காணப்பட்டது. அது சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த கிருமியிலிருந்து வந்த வகை. தடுப்பூசி போடாதோர் மிகுந்த இடத்தில் அக்கிருமி நெடுநாள் பரவினால் மீண்டும் வலுப்பெறக்கூடும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் உயிரற்ற கிருமியால் ஆன ஊசி மட்டுமே பயன்படுவதால், இங்குப் போடும் ஊசியால் இந்த இடர் இல்லை.

இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகளின் ஆவணம்

தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோர் பின்வருவதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியா உள்ளிட்ட நாடுகள், மூவகைக் கிருமிக்கும் எதிரான பழைய சொட்டு மருந்தைக் கைவிட்டு, முதல், மூன்றாம் வகைகளுக்கு மட்டும் உரிய புதிய சொட்டு மருந்துக்கு மாறின. அமெரிக்கத் தடுப்பூசி நெறிமுறை மூவகைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. ஆகவே 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்து இங்குக் கணக்கில் கொள்ளப்படாது. சிறப்பு முகாம்களில் கொடுத்ததாகக் குறிக்கப்பட்ட சொட்டு மருந்தும் பொதுவாகக் கணக்கில் சேராது. அட்டையில் ஐந்தாறு முறை குறிப்பிருந்தும், பள்ளிச் சேர்க்கையின்போது மீண்டும் ஊசி போடச் சொல்கிறார்களே என்று பெற்றோர் திகைப்பதற்கு இதுவே காரணம். குழந்தைக்கு இந்தியாவில் கொடுத்த மருந்து வீணானது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டாம் வகைக்கு எதிரான பாதுகாப்பை உறுதி செய்வதே நோக்கம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

- இந்தியாவில் பெற்ற தடுப்பூசி அட்டையின் மூலப்படியைப் பயணத்தின்போது கையோடு கொண்டுவருதல். எந்த நாளில் எந்த மருந்து, வாய்வழியா ஊசியா என்பது தெளிவாக இருத்தல் வேண்டும்.
- பள்ளி தொடங்கும் வரை காத்திராமல், குழந்தை நல மருத்துவரிடம் அட்டையைக் காட்டி எத்தனை ஊசி எஞ்சியுள்ளது எனக் கேட்டறிதல். இங்குள்ள வழக்கமான அட்டவணைப்படி 2 மாதம், 4 மாதம், 6 முதல் 18 மாதம், 4 முதல் 6 வயது ஆகிய நான்கு கட்டங்களில் ஊசி போடப்படும். தவறிய குழந்தைக்குப் பின்னரும் போடலாம்.
- மருத்துவக் காப்பீடு இல்லாத குடும்பங்கள், குழந்தைகளுக்கான டெக்சஸ் தடுப்பூசித் திட்டத்தைப் பற்றி 211 என்ற எண்ணில் கேட்டல். தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த செலவிலோ செலவின்றியோ ஊசி கிடைக்கும்.

தன்னார்வப் பணியில் சேர விரும்புவோர்க்கு

ரோட்டரி சங்கத்தில் உறுப்பினராக, உறுப்பினர் ஒருவரின் அழைப்போ பரிந்துரையோ வேண்டும். முதலில் விருந்தினராகக் கூட்டத்துக்குச் செல்லலாம். ஆண்டுச் சந்தா உண்டு. அது சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். எனவே சேருமுன் தொகையைக் கேட்டுத் தெளிதல் நன்று. உறுப்பினர் ஆகாமலே ஒருநாள் பணிகளில் கைகொடுக்கவும் இயலும். அக்டோபர் 24ஆம் நாள் உலகப் போலியோ நாள். அதையொட்டிப் பல சங்கங்கள் நிகழ்ச்சிகள் நடத்தும்.

இத்தகைய அமைப்பு இது ஒன்றே அன்று. அரிமா சங்கம் எனத் தமிழர் அறிந்த லயன்ஸ் அமைப்பின் முதல் மாநாடு 1917ஆம் ஆண்டு டாலஸ் நகரில் நடந்தது. உடற்குறை அல்லது முதல் வகை நீரிழிவு உள்ள டெக்சஸ் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பினர் கெர்வில் நகரில் கட்டணமின்றி முகாம் நடத்துகின்றனர். பழைய மூக்குக் கண்ணாடிகளையும் சேகரித்துத் தேவைப்படுவோர்க்கு அனுப்புகின்றனர்.

பணியில் இறங்குமுன் மூன்று சட்டச் செய்திகளை அறிதல் நலம்.

*விசா.* எச்1பி, எச்4 போன்ற விசாவில் உள்ளோர், ஊதியமோ ஊதியத்துக்கு ஈடான பலனோ பெறாமல் அறப்பணி செய்வது பொதுவாக வேலை எனக் கருதப்படுவதில்லை. ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் ஒரு வேலையைத் தன்னார்வப் பணி என்ற பெயரில் ஊதியமின்றிச் செய்வது சிக்கலை உண்டாக்கும். ஐயம் எழுந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

*பொறுப்பு.* இலாப நோக்கற்ற அமைப்புக்காகத் தன் கடமை வரம்புக்குள் பணியாற்றும் தன்னார்வலரை, எளிய கவனக்குறைவால் நேரும் இழப்பின் பொறுப்பிலிருந்து 1997ஆம் ஆண்டின் கூட்டரசுத் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் கடும் கவனக்குறைவுக்கும் இப்பாதுகாப்பு இல்லை. உரிமமும் காப்பீடும் தேவைப்படும் வாகனத்தை ஓட்டும்போது நேரும் விபத்துக்கும் இல்லை. முதியோரையோ பொருள்களையோ தம் காரில் ஏற்றிச் செல்வோர் தம் காப்பீடு போதுமானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

*வரி.* சங்கத்துக்குத் தருவதும் அறக்கட்டளைக்குத் தருவதும் வரிச் சட்டத்தில் வேறுவேறு. ரோட்டரி அறக்கட்டளை வரிவிலக்குக்குரிய நன்கொடை பெறும் தகுதி உடையது. உள்ளூர்ச் சங்கங்கள் பெரும்பாலும் வேறு பிரிவில் பதிவு பெற்றவை. அவற்றுக்குச் செலுத்தும் சந்தாவையும் நன்கொடையையும் பொதுவாக வருமானத்திலிருந்து கழிக்க இயலாது. காசோலை யார் பெயருக்கு எழுதப்படுகிறது என்பதைப் பார்த்து, பற்றுச்சீட்டைப் பெற்று வைத்தல் வேண்டும். பணியில் செலவிட்ட நேரத்துக்கு மதிப்புப் போட்டுக் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

நிறைவாக

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பெற்றோர் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முகாமுக்கு நடந்ததால் ஒரு நோய் அந்நாட்டை விட்டு அகன்றது. அப்பிள்ளைகளில் பலர் இன்று இந்நகரில் பெற்றோர். அவர்கள் இப்போது செய்ய வேண்டியது எளிது. வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையை எடுத்து, போலியோ என்ற வரியில் உள்ள நாள்களைப் பார்க்க வேண்டும். 2016 ஏப்ரலுக்குப் பிந்தைய சொட்டு மருந்து மட்டுமே இருந்தால், மருத்துவரிடம் அடுத்த முறை செல்லும்போது அதைக் காட்ட வேண்டும்.

மாநகரச் சேவைகள் குறித்த கேள்விகளுக்கு 311 என்ற எண்ணையும், மாநில நலத்திட்டங்கள், தடுப்பூசி, சமூக உதவி ஆகியவற்றுக்கு 211 என்ற எண்ணையும் அழைக்கலாம். அழைக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.